செருப்புக் கணக்கு

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதை நேரம்.
லிங்கராஜபுரம் கிளை நூலகத்தில்
இரண்டரைக்கே தொடங்கிவிடும் சத்தம்.
‘மௌனம்’ என்று மூன்று மொழியில் எழுதிய பலகையைச்
சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது என் வேலை.
பெருக்குவது, முத்திரை குத்துவது,
கிழிந்த முதுகுகளுக்குப் பசை தடவுவது,
வந்த பிள்ளைகளை எண்ணுவதும்.

பிள்ளைகளை எண்ண முடியாது.
ஜெரால்டு மேசைக்கு அடியில் போனால்
யோகேஷ் அலமாரிக்குப் பின்னால் முளைப்பான்.
தஸ்லீமா இரண்டு தடவை எண்ணிக்கையில் வருவாள்,
இரண்டு தடவையும் கையை உயர்த்திக்கொண்டு.
அதனால் வாசலுக்குப் போவேன்.
செருப்புகள் ஓடுவதில்லை.
முப்பத்து நாலு.
இரண்டால் வகுத்தால் பதினேழு.
பதிவேட்டில் பதினேழு,
பிஸ்கட் பொட்டலம் பதினேழு,
கீழே சந்திரப்பா சாரின் கையெழுத்து.

ஒவ்வொரு வாரமும் ஒரு பொட்டலம் குறைந்தது.
ஜெரால்டைச் சந்தேகித்தேன்.
(மன்னித்துவிடு ஜெரால்டு,
நீ இரண்டு தின்றது ஒரே ஒரு வாரம்தான்.)

கதை சொல்ல வரும் கல்லூரிப் பெண் ப்ரேரணா
அன்று ஆக்டோபஸ் புத்தகத்தை விரித்தாள்.
கன்னடத்தில் சொன்னாள்,
கேள்வி தமிழில் வந்தது,
சிரிப்பு உருதுவில்.
அதற்கு மூன்று இதயம் என்றாள். யாரும் அசரவில்லை.
எட்டுக் கை என்றாள்.
‘அப்ப எத்தன ஜோடி செருப்பு?’ யோகேஷ்.
நாலு! நாலு! கூரை இடிந்தது.
‘ஒண்ணும் வேண்டாம், தண்ணிலதான இருக்கு’
என்றது கடைசி வரிசையில் ஒரு குரல்,
வடக்கத்திக் கன்னடத்தில்.

அந்தக் கால்களை அப்போதுதான் பார்த்தேன்.
கணுக்கால்வரை சிமெண்ட் சாம்பல்.

பெயர் நிங்கவ்வா. ராய்ச்சூர்ப் பக்கம்.
எதிரே எழும்பும் பன்னிரண்டு மாடிக்கு
மணல் சுமக்கிறவர்களின் மகள்.
முகவரி: நீலத் தகரக் கொட்டகை.
உறுப்பினர் படிவத்தில் தகரத்துக்கு இடமில்லை;
மாடி முடிந்தால் தகரமும் இருக்காது.
வருமான வரிச் சட்டத் தொகுதிகளுக்குப் பின்னால்
ஒரு திமிங்கிலப் புத்தகத்தை
யாரோ வாராவாரம் ஒளித்து வைப்பது
தூசி தட்டும் எனக்குத் தெரியும்.
பக்க அடையாளமாக
சிமெண்ட் மூட்டை பிரித்த நூல்.
ஒருநாளும் நான் அதை எடுத்ததில்லை.
அந்த அலமாரியில் வேறு யாரும்
கை வைத்ததும் இல்லை.

அடுத்த சனி
என் செருப்பையும் கழற்றி வரிசையில் விட்டேன்.
முப்பத்தாறு. பதினெட்டு.
கணக்கு முதன்முதலாகச் சரிவந்த அன்றைக்குத்தான்
அந்த மழை.

பெங்களூர் மழை நாலு மணி என்றால் நாலு மணி.
படியேறி வந்து
செருப்புகளை அழைத்துக்கொண்டு கிளம்பியது.
சன்னல் கம்பியில் பதினேழு பேர்,
சிலர் அழுகை, சிலர் கூச்சல்,
ஜெரால்டு மட்டும் கைதட்டல்.
நான் குடை தேடுவதற்குள்
நிங்கவ்வா இறங்கிவிட்டாள்.
தண்ணீர் எங்கே வளையும், எந்தக் கம்பியில் குப்பை தங்கும்
என்பது அந்தத் தெருவில் அவளுக்குத்தான் தெரியும்.
பாவாடையில் அள்ளிவந்து
கூடத்தின் நடுவே கொட்டினாள்.
நாற்றம் அகராதிகள்வரை போனது.
ஜோடி சேர்க்கும் வேலை ஐந்தரைவரை நடந்தது.
இதுவும் நிகழ்ச்சிதான், எழுதிக்கொள்ளுங்கள்
என்றாள் ப்ரேரணா.

முப்பத்தைந்து.
போனது என் இடது.
பதினேழரை என்று எழுதப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.
பதினெட்டு என்று எழுதி
மை பரவுமுன் மூடினேன்.

வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.
பின்னால் யாரோ
என் காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள்:
ஒந்து, எரடு,
மூரு, நால்கு...